கியர்ப் புணரியல்: ஜீப்பில் விகாரமில்லாமல் கியர் மாற்றுவது பற்றி

ஜீப்பில் கியர் போடுவது வெறும் கைப்பழக்கம் என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. அது புணரியலின் ஒரு பகுதி என்று நிறுவ வந்தது இக்கட்டுரை. இத்துறையில் இதுவரை நடந்த ஆய்வுகள் யாவும் வாய்மொழியாகவே உள்ளன. அவை பெரும்பாலும் லாரி டிரைவர்கள் தம் கிளீனர்களை முன்னிறுத்தி நிகழ்த்தியவை. அச்சில் ஏற்றத் தக்கவை அல்ல.

களமும் கருவியும்

கொழுக்குமலை தேனி மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் 7,000 அடிக்கும் மேலே உள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு ஜீப் ஏறும் பாதை, இடுக்கி மாவட்டத்துச் சூரியநெல்லியிலிருந்து வருகிறது. ஆக, நிலைமொழி கேரளம், வருமொழி தமிழ்நாடு, இடையில் வருவது கருங்கல். பாதை என்று நாம் சொல்வது மரியாதைக்கு. சூரிய உதயம் பார்க்க விரும்புவோரை ஏற்றிக்கொண்டு விடியுமுன் ஜீப்புகள் கிளம்பிவிடுகின்றன. அப்படி ஒரு ஜீப்பில்தான் இவ்வாய்வு நடந்தது.

அளவீட்டுக் கருவி என் பெரியம்மா. ஜீப்பின் பின்பகுதியில் எதிரெதிராக இரண்டு பெஞ்சுகள். ஆட்கள் பக்கவாட்டில் உட்காருவதால், கியர் பிசகினால் ஒருவர் தலை அடுத்தவர் தோளில் போய் விழும். பெரியம்மாவோ எந்த வண்டியிலும் ஏறிய மூன்றாம் நிமிடம் தூங்கிவிடுவார். எனவே அளவுகோல் எளிது. அவர் தூக்கம் கலையாவிட்டால் இயல்புப் புணர்ச்சி. கண் திறந்தால் சிறு விகாரம். "என்னடா ஓட்டுறான்?" என்றால் பெருவிகாரம். "இறக்கிவிடுங்கடா, நான் நடந்தே வரேன்" என்பது உச்ச அளவு. அன்றைய டிரைவருக்கு ஐம்பது வயதிருக்கும். ஏறி முடிக்கும்வரை கருவி ஒரு முறைகூடக் கண் திறக்கவில்லை. அதுதான் என்னை இந்த ஆய்வுக்குள் தள்ளியது.

நிலைகியர், வருகியர்

இரண்டு சொற்கள் சேரும்போது முதலில் நிற்பது நிலைமொழி, வந்து சேர்வது வருமொழி. அதுபோல விட்டுப் போகும் கியர் நிலைகியர், விழப் போகும் கியர் வருகியர். இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுற்றுபவை. சிக்கல் முழுவதும் இதில்தான்.

1941-இல் படைக்குப் போன வில்லிஸ் எம்.பி. ஜீப்பை மூலபாடமாகக் கொள்வோம். 1947-இல் மஹிந்திரா பம்பாயில் பூட்டத் தொடங்கியது வில்லிஸ் ஜீப்பைத்தான். நம் மலைகளில் ஏறும் பழைய ஜீப்புகள் எல்லாம் அந்த மூலத்துக்கு எழுந்த உரைகள், உரைக்கு உரைகள். மூலத்தில் முன்னோக்கி மூன்று கியர். விகிதம் முதலாவதில் 2.665, இரண்டாவதில் 1.564, மூன்றாவதில் 1. இரண்டாவது கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றில் முழங்கும்போது மூன்றாவதற்கு மாற்றினால், வண்டியின் வேகம் மாறாதிருக்க, எஞ்சின் 1,920 சுற்றுக்கு அருகே இறங்கியாக வேண்டும். கிட்டத்தட்ட 1,080 சுற்றுகளை எங்கேயாவது தொலைக்க வேண்டும். டிரைவர் பொறுத்தால் அவை காற்றோடு போகும். அவசரப்பட்டால் கிளட்ச் பிளேட்டில் போகும். மிச்சம் பெரியம்மாவின் கழுத்தில்.

விகாரம் மூன்று என்று நன்னூலார் வகுத்தார்: தோன்றல், திரிதல், கெடுதல். அவர் ஜீப் ஓட்டியிருக்க வாய்ப்பில்லை என்பது வியப்பைக் கூட்டுகிறது. நிலைகியருக்கும் வருகியருக்கும் நடுவே இல்லாத ஓர் ஒலி 'கர்ர்ர்' என்று பிறப்பது தோன்றல். (தமிழில் மிகும் வல்லினம் க, ச, த, ப. கியர்பாக்ஸில் மிகுவது க், ட், ற்.) நான்கு கியர் வண்டியில் இரண்டாவதை நினைத்து ராடைத் தள்ள, நான்காவது போய் விழுவது திரிதல். ஏற்றத்தில் எஞ்சினே நின்றுபோவது கெடுதல். மூன்றும் ஒரே வளைவில் அடுத்தடுத்து நிகழ்வதை ஓட்டுநர் பயிற்சி வண்டிகளின் பின்னால் போகும் யாரும் காணலாம்.

உடம்படுமெய்

இரண்டு உயிர்கள் நேருக்கு நேர் வந்தால் உடம்படாது. மணி, அடித்தது என்ற இரண்டுக்கும் நடுவே ஒரு 'ய்' வந்து 'மணியடித்தது' என்று சமாதானம் செய்துவைக்கிறது. கியர்பாக்ஸில் இந்த வேலையைப் பார்ப்பது சிங்க்ரோமெஷ் என்கிற பித்தளை வளையம். வருகியரின் கூம்பு முகத்தில் அது முதலில் உரசி, இரண்டு வேகத்தையும் ஒன்றாக்குகிறது. ஒன்றாகும்வரை பற்களைச் சேரவிடாமல் தடுக்கவும் செய்கிறது. 1928-இல் கேடிலாக் கார்களில் வந்தது இது. வில்லிஸின் இரண்டாவது, மூன்றாவது கியர்களுக்கு இந்த வசதி உண்டு. முதலாவதற்குக் கிடையாது. வண்டி உருண்டுகொண்டிருக்கையில் ஃபர்ஸ்ட் போட முயன்றவர்கள் அந்தக் காலத்தில் மலை முழுக்க அறியப்பட்டார்கள்.

வளையம் தன் வேலையை முடிக்க ஒரு கணம் கேட்கிறது. ராடு கையில் லேசாக எதிர்ப்பதுதான் அந்தக் கேட்பு. அதை முரண்டு என்று எடுத்துக்கொண்டு முஷ்டியால் குத்துபவர்கள் பித்தளையைத் தேய்க்கிறார்கள். வேண்டிய அழுத்தம், தட்டிலிருந்து இட்லியை உடையாமல் எடுக்கும் விரலழுத்தம். அதற்கு மேல் வேண்டாம்.

இங்கே எண்ணெய் பற்றி ஒரு சொல். டிஃபரன்ஷியலுக்கு உகந்த ஜி.எல்-5 எண்ணெயில் கந்தக, பாஸ்பரஸ் சேர்மானம் கூடுதல். அவற்றுள் சில பித்தளையை அரிக்கும். ஆகவே பல பழைய கியர்பாக்ஸ்களுக்கு ஜி.எல்-4 போதும். "கூட விலை, கூட நல்லது" என்று ஊற்றுபவர் உடம்படுமெய்யைக் கரைத்துவிடுகிறார். மலைக் குளிரில் காலையில் எண்ணெய் பாகாக இறுகியிருக்கும். முதல் கால்மணி நேரம் செகண்ட் கியர் முனகினால் அது குற்றமாகாது, செய்யுள் விகாரம் என்று விட்டுவிடலாம்.

சிங்க்ரோமெஷ் இல்லாத இடத்தில் என்ன செய்வது? லாரிக்காரர்கள் 'டபுள் கிளட்ச்' அடிப்பார்கள். கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, காலை எடுத்து, ஆக்ஸிலேட்டரை ஒரு தட்டு தட்டி எஞ்சின் வேகத்தை ஏற்றி, மறுபடி மிதித்துக் கீழ்க் கியரைப் போடுவது. இதைச் சாரியை என்க. 'மரம்' என்பதோடு 'ஐ' நேராகச் சேராதபோது 'அத்து' நடுவே வந்து 'மரத்தை' ஆக்கிக் கொடுப்பதைப் போல.

மாத்திரை

கண் இமைக்கும் நேரம் அல்லது கை நொடிக்கும் நேரம் ஒரு மாத்திரை. பழைய இலக்கணக்காரர்கள் அதோடு விடவில்லை. விரலை நொடிக்கும் அந்த ஒரு நொடியையே நான்காகப் பிளந்தார்கள். நொடிக்க நினைப்பது கால் மாத்திரை. விரலை ஊன்றுவதோடு அரை. முறுக்குவதோடு முக்கால். விடுவதோடு ஒன்று. உலகின் மிகச் சிறந்த கியர் மாற்றும் கையேடு இந்த நான்கு சொல்தான் என்பது என் துணிபு.

நினைத்தல், ஊன்றல், முறுக்கல், விடுத்தல். கொழுக்குமலை டிரைவரை முன்சீட்டில் இருந்து நான் கவனித்தேன். மேடு இன்னும் இருபதடி தள்ளி இருக்கும்போதே அவர் பேச்சு ஒரு கணம் நிற்கும். அது நினைத்தல். பிறகு இடது கால் முழுசாக அமிழும், அதே நேரம் வலது கால் விலகும். அது ஊன்றல். ராடு நியூட்ரலுக்கு வந்து ஒரு மூச்சு நின்று, பிறகு இறங்கும். அது முறுக்கல். கால் மேலே வரும்போது பாதி வழி வேகமாகவும், பிளேட் பிடிக்கும் இடத்தில் மெதுவாகவும் வரும். அது விடுத்தல். பிறகு விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வார். பேச்சு முழுக்கத் தன் மைத்துனரைப் பற்றியது.

நகரத்தில் கார் ஓட்டும் நம்மில் பலர் முதல் காலையும் கடைசிக் காலையும் விழுங்கிவிடுகிறோம். நினைக்காமல் ஊன்றி, முறுக்கியதும் தொப்பென்று விடுகிறோம். நான்கு வருடமாக என் காரில் பெரியம்மா ஏன் ஏறுவதில்லை என்பதற்கு வேறு காரணங்களும் உண்டு. இதுவும் ஒன்று.

'ஹாஃப் கிளட்ச்' எனப்படுவது குற்றியலுகரம். முழு ஒலிப்பும் இல்லை, மௌனமும் இல்லை. உயிர் வந்ததும் குற்றியலுகரம் தான் ஏறியிருந்த மெய்யை விட்டு இறங்கிப் போய்விடும். வண்டி நகர்ந்ததும் இடது காலும் அப்படியே பெடலை விட்டு இறங்கிப் போய்விட வேண்டும். போகாமல் அங்கேயே குடியிருந்தால் கருகும் வாசம் வரும்.

நான்கு சக்கரமும் இழுக்கும்போது

இரண்டு சக்கரம் இழுக்கும் வண்டி தனிக்குடித்தனம். நான்கு சக்கரமும் இழுப்பது கூட்டுக்குடும்பம். எஞ்சினிலிருந்து புறப்பட்ட சேதி டிரான்ஸ்ஃபர் பெட்டி, முன்னும் பின்னும் ஓடும் இரண்டு தண்டு, அவற்றின் முனையில் உள்ள குறுக்குக் கணுக்கள், இரண்டு டிஃபரன்ஷியல் என்று எல்லார் கையையும் தொட்டுத்தான் சக்கரத்துக்குப் போகும். ஒவ்வொரு கையிலும் ஓர் இழை இடைவெளி. கிளட்சைச் சட்டென்று விட்டால் அத்தனை இடைவெளியும் ஒரே நேரத்தில் மூடிக்கொண்டு 'டங்' என்கிறது. முதலில் இடைவெளிகளை மெல்ல மூடவிட்டு, பிறகு ஆக்ஸிலேட்டரைக் கொடுப்பதே வழி. குடும்பத்தில் எல்லாரும் ஒருமுறை தலையசைத்த பிறகு பந்திக்கு இலை போடுவது மாதிரி.

தார்ச்சாலையில் ஃபோர் வீல் போட்டு வளைக்கக் கூடாது என்பதற்கும் இலக்கணம் உண்டு. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் ஓடுகின்றன. இந்த ஜீப்புகளில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் இல்லை. கல்லிலும் சேற்றிலும் சக்கரம் வழுக்கி அந்தக் கணக்கைத் தீர்த்துக்கொள்ளும். தாரில் வழுக்காது, தண்டுகள் முறுக்கேறி, ராடு சிக்கிக்கொள்ளும். அப்போது சில அடி ரிவர்ஸ் எடுத்தால் முறுக்கு அவிழும். ராடைப் பிடித்துத் தொங்குவது பயன் தராது. (நான் தொங்கியிருக்கிறேன்.)

இனி லோ கியர். மூலபாடத்தில் டிரான்ஸ்ஃபர் பெட்டியின் லோ விகிதம் 1.97, ஆக்ஸிலின் விகிதம் 4.88. முதல் கியரோடு பெருக்கினால் எஞ்சின் ஏறத்தாழ இருபத்தைந்தரை சுற்று சுற்றி முடிக்கும்போது சக்கரம் ஒரு சுற்று வரும். இந்த ஆமை வேகத்தில், செங்குத்தான ஏற்றத்தில், கிளட்சை மிதித்த கணமே வண்டி நின்றுவிடும். வருகியர் வந்து சேர்வதற்குள் வாக்கியமே முடிந்துபோகும். ஆகவே ஏற்றத்துக்கு முன்பே கியரைத் தேர்ந்துகொண்டு, உச்சிவரை தொடாமல் போவதே முறை. அன்று கடைசி ஏற்றத்தில் பெரியம்மா தூங்கியதற்கு உண்மைக் காரணம், அங்கே டிரைவர் கியரே மாற்றவில்லை என்பது. என் ஆய்வுக்கு இது சற்றுச் சங்கடமான தரவு. ஆயினும் பதிவு செய்கிறேன்.

அந்த வண்டியில் டிரான்ஸ்ஃபருக்கு ஒரே குட்டை ராடு. டூ ஹெச், ஃபோர் ஹெச், என், ஃபோர் எல் என்று நான்கு இடங்கள். ஹெச்சிலிருந்து எல்லுக்குப் போகிறவர் வண்டியை நிறுத்தி, கிளட்சை மிதித்து, என்-ஐத் தாண்டிப் போக வேண்டும். குமிழில் எழுத்து எல்லாம் பல ஆண்டு உள்ளங்கையில் தேய்ந்து அழிந்திருந்தது.

செயல்முறை

உதயம் முடிந்து, மற்றவர்கள் தேநீர்க் கடைப்பக்கம் போயிருந்தார்கள். மூடுபனி மேலே ஏறி வந்து ஜீப்பின் பானெட்டுக்கு அப்பால் எதையும் விட்டுவைக்கவில்லை. பின்பெஞ்சில் பெரியம்மா தூக்கம். அந்தச் சமதளத்தில் மட்டும் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்க்கிறேன் என்று கேட்டேன். டிரைவர் என்னை ஒருமுறை, பனியை ஒருமுறை பார்த்தார். "மெதுவா எடுங்க சார்" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

கிளட்சை மிதித்துக் குட்டை ராடை லோவுக்குத் தள்ளினேன். நினைத்தேன், ஊன்றினேன், முறுக்கினேன், விடுத்தேன். ஃபர்ஸ்ட் வெண்ணெயாக விழுந்தது. எஞ்சின் உறுமியது. செகண்ட்: ஒற்று மிகவில்லை. தேர்ட்: ஒரு மூச்சு நிறுத்தி, இறக்கினேன், டங் இல்லை, உதறல் இல்லை. ஃபோர்த். கண்ணாடியில் பார்த்தேன். கருவி அசையவே இல்லை. இயல்புப் புணர்ச்சி, நான்கும். பெருமிதத்தோடு டிரைவர் பக்கம் திரும்பினேன்.

அவர் குட்டை ராடைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், நல்லாத்தான் போடுறீங்க" என்றார். "ஆனா டிரான்ஸ்ஃபர் நியூட்ரல்ல நிக்குது. வண்டி இன்னும் கிளம்பல."

எஞ்சினை அணைத்தேன். அந்த அமைதியில் பின்னால் பெரியம்மா கண் விழித்தார்.

"சூரியநெல்லி வந்துடுச்சாடா?"