பேட்டரி வாங்கட்டுமா?

கேள்வி: 12 வோல்ட் பழைய புல்லட். புது பேட்டரி போட்டும் ஹார்ன் முனகுகிறது. இன்னொன்று வாங்கட்டுமா?
– ஒரு வாசகர், கரமனை, திருவனந்தபுரம்

பதில்: தாராளமாக, கடைக்காரர் வாழ்த்துவார்! அதற்கு முன் மல்டிமீட்டரை வையுங்கள். சார்ஜான பேட்டரி, வண்டி நிற்கையில் 12.6 வோல்ட் காட்டும். ஆக்சிலேட்டரை முறுக்கினால் 14 பக்கம் ஏற வேண்டும். ஏறவில்லையா? ஆல்டர்னேட்டர் வயரைக் கழற்றி ஏசி வோல்ட் பாருங்கள். அங்கே கரன்ட் ஒழுங்காக வந்தால், சந்தேகம் ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர் மேல். 15-ஐத் தாண்டினாலும் அவரேதான், பேட்டரியைக் கொதிக்க வைக்கிறார்.

ஆனால், இடவப்பாதி மழையில் தம்பானூர்த் தண்ணீரில் நீந்திய வண்டி என்றால் முதலில் கனெக்டர்களைப் பிரியுங்கள். பச்சைக் களிம்பு பூத்திருக்கும். சுரண்டுங்கள், எர்த் வயரை இறுக்குங்கள். ஓட்டத்தில் ஆம்பியர் மீட்டர் முள் பிளஸ் பக்கம் சாய்ந்தால், பர்ஸை மூடிவிடலாம்.