மாலை மரியாதையோடு மறைந்த செய்தி
வெள்ளித்திரையில் லஞ்சத்தைத் துவம்சம் செய்த விஜயகாந்தை 2006-இல் சட்டமன்றத்துக்கே அனுப்பிவைத்த நம் விருத்தாசலத்தாருக்கு, நிருபர்கள் அரசியல் ஊழலை அம்பலப்படுத்தும் கதை புளித்துப்போகக் காரணமில்லை. ஆனால் அத்தகைய கதையைச் சொல்லும் கே. வி. ஆனந்தின் 'கோ' திரைப்படம் வெளிவந்த 2011 ஏப்ரல் 22-ஆம் தேதியோ, சட்டமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு முடிந்து ஒன்பது நாளாகி, ஜனங்களின் தீர்ப்பு இயந்திரத்துக்குள் மே 13 வரை யோகநித்திரையில் ஆழ்ந்திருந்த காலம். ஆகவே படம் பார்த்து விவேகம் பெற்றவர்கள் அதை அடுத்த தேர்தல்வரை பத்திரப்படுத்த வேண்டியதாயிற்று.

போகட்டும். பத்திரிகைப் புகைப்படக்காரராக வரும் ஜீவா, பிரமுகர்களைத் துரத்தித் துரத்திப் படம்பிடித்து, கடைசியில் தாம் நம்பிய உத்தம வேட்பாளனே மகா கபடன் என்று அறிந்ததும் செய்வதென்ன? உண்மையை அச்சேற்றாமல், அவனைத் தியாகியாக்கிவிடுகிறார்! நம்மூர்ப் பீங்கான் பட்டறையில், சூளையிலிருந்து இறங்கிய பியூஸ் கட்டையில் மயிரிழை விரிசல் கண்டாலும் கழித்துப்போடுவார்கள். அதற்கு மாலை சாத்தும் சம்பிரதாயம் இன்னும் வரவில்லை. மனச்சாட்சி உறுத்த, ஜீவா ராஜினாமாக் கடிதம் அனுப்புகிறார். மேலிடம் ஏற்க மறுக்கிறது. எதை வெளியிடக் கூடாதென்று தாமாகவே தெரிந்துகொண்ட நிருபரை எந்த முதலாளிதான் இழக்கச் சம்மதிப்பார்?