மறுநாள் நடுவர்

போட்டி நடந்துகொண்டிருக்கும்போது அவர் வாயே திறக்க மாட்டார். கோப்பையைக் கொடுத்து, காகிதத் துணுக்குகளைக் கொட்டி, ஜெயித்தவரின் அம்மா மேடையேறி அழுது இறங்கிய பிறகுதான் அவர் வேலை ஆரம்பம். இந்த ரகத்தில் ஊருக்கு ஒருவராவது இருப்பார். விருத்தாசலத்தில் எங்கள் தெருவுக்கு வாய்த்தவர், செராமிக் கம்பெனியில் கொலு பொம்மைகளுக்கு வர்ணம் தீட்டி ஓய்ந்தவர். தம்பி மகளுக்கு மட்டுமில்லை, தெருவுக்கே பெரியப்பா.

டீக்கடை பெஞ்சுதான் கோர்ட். காலை ஆறரைக்குக் கூடும். "முடிவு தப்பு" என்பதுதான் முதல் வாக்கியம். என்ன போட்டி, யார் ஜெயித்தது என்கிற சில்லறை விவரமெல்லாம் அப்புறம் வரும். 2017இல் பிக் பாஸ் முதல் சீசனை ஆரவ் ஜெயித்தபோது, கோப்பை ஓவியாவுக்கு என்று தீர்ப்பானது. "அந்தப் பொண்ணு பாதியிலயே கெளம்பிப் போயிடுச்சே பெரியப்பா?" "அதான்டா தகுதி!" 2023 ஜனவரியில் அசீம் முதலிடம், விக்ரமன் இரண்டாமிடம் என்று வந்த மறுநாள் விசாரணை மதியம் வரைக்கும் இழுத்தது. டீ மாஸ்டர் வடைச் சட்டியை இறக்கிவிட்டு சாட்சி சொல்ல வேண்டியதாயிற்று.

சட்டம் ரொம்ப எளிமையானது. மக்கள் ஓட்டுப் போட்டு முடிவு வந்தால், "சனங்களுக்கு என்னா தெரியும்?" நடுவர்கள் முடிவு சொன்னால், "நாலு பேரு உக்காந்து முடிவு பண்ணிட்டா அப்புறம் சனம் எதுக்கு?" இவர் ஓட்டுப் போட்டாரா என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. "நான் போட்டா மட்டும் எண்ணிடப் போறானுங்களா?"

பாட்டு, சமையல், பிக் பாஸ் என்று உள்ளூர் அளவில் ஓடிக்கொண்டிருந்த இந்த நீதி பரிபாலனத்தைக் கடல் தாண்டிக் கொண்டுபோனவள் தம்பி மகள். திருப்பூரில் பேஷன் டிசைனிங் படிக்கிறாள். லீவுக்கு வந்தவள், 'புராஜெக்ட் ரன்வே' என்கிற அமெரிக்க நிகழ்ச்சியின் பழைய சீசன்களைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தாள். 2004 டிசம்பரில் தொடங்கியது. ஹைடி க்ளும் நடத்துவார், கொடுத்த நேரத்துக்குள் துணி தைத்துக் காட்ட வேண்டும், தேறாதவர் வீட்டுக்குப் போக வேண்டும். பெரியப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். முதல் எபிசோடிலேயே விழுந்துவிட்டார். மளிகைக்கடைச் சாமானில் உடை செய்யச் சொன்னார்கள். ஒருவர் சோளத்தோகையை வைத்தே கவுன் செய்து அந்தச் சுற்றை ஜெயித்தார். "இது தெரியாம இத்தினி வருசம் மாட்டுக்குப் போட்டுட்டிருந்தோமே!"

முதல் சீசனின் முடிவு அவருக்குப் பால் வார்த்தது. ஜெயித்த ஜே மெக்காரல், ஒப்பந்தத்தில் இருந்த நிபந்தனை பிடிக்காமல் 1 லட்சம் டாலர் பரிசுப் பணத்தையே வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். "பாத்தியா? ஜெயிச்சவனே முடிவ ஒத்துக்கல!" இவ்வளவு கௌரவமான மேல்முறையீட்டை அவர் அதுவரை பார்த்ததில்லை.

ஆனால் அவரை உலுக்கியது எட்டாவது சீசன். 2010 அக்டோபர் இறுதிச்சுற்று. ஒரு பக்கம் மாண்டோ குவேரா. கோடு, கட்டம், புள்ளி எல்லாவற்றையும் ஒரே உடம்பில் ஏற்றி, அதையும் கண்ணுக்கு உறுத்தாமல் செய்கிற மனிதர். இன்னொரு பக்கம் கிரெட்சென் ஜோன்ஸ். மண் நிறம், பழுப்பு, தொளதொளவென்று இறங்கும் துணி. ஹைடி க்ளுமும் விருந்தினராக வந்த ஜெசிகா சிம்ப்சனும் மாண்டோ பக்கம். மற்ற நடுவர்கள் மைக்கேல் கோர்ஸும் நீனா கார்சியாவும் கிரெட்சென் பக்கம். பேசினார்கள், பேசினார்கள், கடைசியில் கிரெட்சென் என்று அறிவித்தார்கள்.

அமெரிக்காவில் அன்றைக்குக் கொதித்தவர்கள் ஆறிப்போய், பிள்ளை பெற்று, பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலும் சேர்த்திருப்பார்கள். விருத்தாசலத்துக்குச் செய்தி இப்போதுதான் வந்து சேர்ந்தது. மறுநாள் ஆறரைக்குப் பெஞ்சில் உட்கார்ந்தவர் டீயைக் கையில் வாங்கவில்லை.

"கலர் அடிச்ச பொம்மைய ஓரமா வெச்சுட்டு, பிஸ்கட் சரக்குக்குப் பரிசு குடுத்திருக்கானுங்கடா!"

வெளியூர்க்காரர்கள் குழம்ப வேண்டாம். அச்சில் வார்த்த களிமண் காய்ந்து, முதல் சூட்டில் வெந்து, கிளேஸ் ஏறாமல் சூளையிலிருந்து இறங்குமே, அதைச் செராமிக் கம்பெனியில் பிஸ்கட் என்பார்கள். பியூஸ் கேரியரோ ஊறுகாய் ஜாடியோ, அந்த நிலையில் எதையும் கடைக்கு அனுப்ப மாட்டார்கள். வாழ்நாள் முழுக்க தசாவதார செட்டுக்குக் கண்ணும் மூக்கும் எழுதிய கை இது. பழுப்பு நிறத்துக்கு முதல் பரிசு என்றால் எப்படிப் பொறுக்கும்? மைக்கேல் கோர்ஸின் குலம், கோத்திரம், அவர் கைப்பை விற்கிற விலை எல்லாம் சந்திக்கு வந்தன. எதிர்க்கடை லேடீஸ் டெய்லர், "மண்ணு கலரு அழுக்கு தெரியாதுண்ணே, நாலு நாள் உடுத்தலாம்" என்று நியாயம் சொல்லப் போய், நீதிமன்ற அவமதிப்பில் மாட்டிக்கொண்டார்.

டெய்லருக்கும் ஒரு வழக்கு இருந்தது. அடுத்த ஆண்டு, 2011இல் ஜெயித்த அன்யா அயோங்-சீ, டிரினிடாடிலிருந்து வந்தவர், அழகிப் போட்டியில் தன் நாட்டுப் பட்டம் வென்றவர், தையல் கற்றுக்கொண்டதே போட்டிக்குச் சில மாதங்கள் முன்புதான். கேட்டதும் டெய்லர் முகம் சுருங்கிப்போனது. "நான் காஜா எடுக்கவே ரெண்டு வருசம் நின்னேண்ணே." இப்படி ஒரு துயரத்தைக் கேட்டால் வேறு யாரும் ஆறுதல் சொல்வார்கள். பெரியப்பாவோ அந்த வழக்கையும் தன் பெயரிலேயே எடுத்துக்கொண்டு வாதாடத் தொடங்கினார்.

இடையில் தம்பி மகள் ஒரு தப்பு செய்தாள். நாலாவது சீசனையும் போட்டுக் காட்டினாள். 2008இல் கிறிஸ்டியன் சிரியானோவை நடுவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். பார்வையாளர் ஓட்டிலும் அவரே முதல். போதாக்குறைக்கு, பின்னாளில் மிஷேல் ஒபாமாவுக்கே உடை தைத்துக் கொடுத்து, கொடுத்த பரிசு சரிதான் என்று நிரூபித்தும் விட்டார். மறுநாள் பெஞ்சில் பெரியப்பா தினத்தந்தியை விளம்பரம் விடாமல் படித்தார். யாரும் கேட்காமலேயே, "நல்லாத்தான் தச்சிருக்கான்" என்றார். குரலில் சுரத்தே இல்லை. சரியான முடிவு ஒரு மனிதனை இப்படி வேலையிழக்கச் செய்யும் என்று அன்றுதான் பார்த்தேன்.

அவர் நிலை பார்த்துப் பரிதாபப்பட்டுத்தான் அவள் அந்த ரகசியத்தைச் சொன்னாள். "பெரியப்பா, மாண்டோ அப்புறம் ஜெயிச்சிட்டாரு. 2012ல, ஆல் ஸ்டார்ஸ்னு தனியா ஒண்ணு நடத்துனாங்க. தோத்தவங்களத் திரும்பக் கூப்புட்டு."

வழக்கு முடிந்தது என்றுதான் பெஞ்சே நினைத்தது. டீ மாஸ்டர் நிம்மதியாக வடை போட ஆரம்பித்தார். பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டார்.

"இது எந்த ஊரு?"

"விருத்தாசலம்."

"சுந்தரர் பொன்ன எங்க போட்டாரு?"

"இந்த மணிமுத்தாத்துலதான்."

"எங்க எடுத்தாரு?"

"திருவாரூர்ல. கமலாலயக் குளத்துல."

"எடுத்தது அதே பொன்னா இருந்துச்சா?"

யாரும் வாய் திறக்கவில்லை. மாற்று குறைந்திருந்தது என்பதும், பிள்ளையாரே உரைத்துப் பார்த்தார் என்பதும் இந்த ஊர்க் குழந்தைக்கும் தெரிந்த கதை.

"சாமி குடுத்த பொன்னுக்கே அந்தக் கதின்னா, அமெரிக்காக்காரன் ஆத்துல போட்டுட்டு ஒன்றர வருசம் கழிச்சு வேற கொளத்துல எடுத்துக் குடுக்குறான். மாத்து சரியாவா இருக்கும்? அந்த எட்டாவது சீசன் பட்டத்த அப்படியே குடுக்கணும். அந்தத் தேதியப் போட்டுக் குடுக்கணும்."

தேவாரம் பாடிய ஊரில் பிறந்தவரோடு வாதாடி மைக்கேல் கோர்ஸ் ஜெயித்துவிட முடியாது.

லீவு முடிந்து அவள் திருப்பூருக்குப் போனாள். பெரியப்பா சொந்தமாகவே போனில் சீசன் தேடிப் பார்க்கத் தேறிவிட்டார். முதலில் முடிவைப் பார்த்துக்கொள்வார், அப்புறம் அதற்கு விரோதமாக முதல் எபிசோடிலிருந்து பார்த்துக்கொண்டு வருவார். ஆதாரம் திரட்டுகிறாராம்.

போன வாரம் பெஞ்சில் இருக்கும்போது அவளிடமிருந்து போன். காது மந்தம் என்பதால் ஸ்பீக்கரில்தான் போடுவார். காலேஜ் பேஷன் ஷோவில் அவள் டிசைனுக்கு முதல் பரிசு. பெஞ்சே கை தட்டியது. டெய்லர் எல்லாருக்கும் டீ சொன்னார். பெரியப்பா முகத்தில் மட்டும் என்னவோ ஓடியது. பெற்ற மகள் மாதிரி வளர்த்த பெண். வாய் நிறையச் சிரிக்கத்தான் சிரித்தார். போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், ஸ்பீக்கரில் இருப்பதை மறந்து குரலைத் தாழ்த்தினார்.

"ரொம்ப சந்தோசம்மா. சாமிக்கு ஒரு தேங்கா ஒடச்சிடுறேன். அது கெடக்கட்டும்... ரெண்டாவது வந்த பொண்ணு என்னா தச்சிருந்துச்சு? போட்டோ இருந்தா அனுப்பு."