வைப்பினில் சிற்றிதழ் தொடங்கி, முறைப்படி மூடுவது எப்படி?

சிற்றிதழ் தொடங்கச் சொல்லித்தரப் பலர் இருக்கிறார்கள். மூடச் சொல்லித்தரத்தான் ஆளில்லை. ஐந்தாவது இதழுக்குள் எப்படியும் தேவைப்படும் வித்தை என்பதால், கொச்சியை ஒட்டிய வைப்பின் தீவில் குடியிருக்கும் தமிழ் இலக்கிய அன்பர்களுக்காக இந்தக் கையேடு. வெளியூர்க்காரர்கள் படகு என்று வரும் இடத்தில் பேருந்து என்று மாற்றிப் படித்துக்கொள்ளலாம்.

1. ஊர் சின்னது என்று தயங்காதீர்கள். இதே தீவின் செறாயியில் 1889இல் பிறந்த சகோதரன் ஐயப்பன், 1917இல் வெவ்வேறு சாதியாரை ஒரே பந்தியில் உட்காரவைத்தார். அதே ஆண்டு தொடங்கிய ‘சகோதரன்’ இதழ் 1956 வரை வந்தது. ஆனால் நீங்களும் அவ்வளவு காலம் நடத்தலாம் என்று கணக்குப் போட வேண்டாம். அவருக்குச் சாதியை ஒழிக்கும் வேலை இருந்தது. நமக்குச் சக கவிஞரை ஒழிக்கும் வேலைதான்.

2. மேலட்டையில் ‘தனிச்சுற்றுக்கு மட்டும்’ என்று மறக்காமல் போடுங்கள். பதிவு செய்யும் அலைச்சல் மிச்சம். வாசகர் எண்ணிக்கை பற்றிய வாக்குமூலமாகவும் இருக்கும்.

3. ஆசிரியர் குழுவில் மூன்று பேர் போதும். கூட்டத்தை ஃபோர்ட் கொச்சி போகும் ஜங்கார் படகில் வையுங்கள். அக்கரை சேரச் சில நிமிடங்கள்தான் ஆகும். அதற்குள் குழு இரண்டாகப் பிளந்துவிட வேண்டும். கோபித்துக்கொண்டு இறங்கிப் போனவர் மட்டாஞ்சேரியில் போட்டி இதழ் தொடங்குவார். அவருக்கு வாழ்த்துச் செய்தி அனுப்புங்கள். அதில் ஒரு எழுத்துப்பிழை இருக்கட்டும்.

4. புரியாத கவிதை வந்தால் பயப்படாமல் போடுங்கள். ஆஸ்திரேலியாவில் 1943இல் ஜேம்ஸ் மெக்காலி, ஹெரால்ட் ஸ்டூவர்ட் என்ற இரண்டு கவிஞர்கள், நவீனக் கவிதைக்காரர்களை மட்டம் தட்டுவதற்காக எர்ன் மாலி என்று ஒரு கவிஞரைக் கற்பனை செய்தார்கள். அகராதியிலிருந்து கொஞ்சம், கொசு ஒழிப்பு பற்றிய அமெரிக்க அறிக்கையிலிருந்து கொஞ்சம் என்று உருவிக் கவிதை கட்டினார்கள். இறந்துபோன தம்பியின் கவிதைகள் என்று, இல்லாத அக்காள் பெயரில் ஒரு கடிதத்தோடு ‘ஆங்ரி பெங்குவின்ஸ்’ இதழுக்கு அனுப்பினார்கள். ஆசிரியர் மாக்ஸ் ஹாரிஸ் உருகிப்போய் 1944இல் சிறப்பிதழே போட்டுவிட்டார். குட்டு உடைந்தது. அது போதாதென்று ஆபாசம் என்று வழக்கும் வந்து, ஐந்து பவுண்டு அபராதம் கட்டினார். வேடிக்கை என்னவென்றால், எர்ன் மாலியை இன்றும் படிக்கிறார்கள். கொச்சிக்காரர்களுக்குக் கொசு பற்றிய அறிக்கைகூட வேண்டாம். சாயங்காலம் ஜன்னலைத் திறந்துவைத்தால் மூலப்பொருள் தானே வரும்.

5. பணம். ‘எழுத்து’ இதழை 1959 ஜனவரியில் தொடங்கிய சி.சு. செல்லப்பா, 2000 பிரதிக்கு மேல் அச்சிடுவதில்லை என்று முன்கூட்டியே எல்லை வகுத்தார். அந்த எல்லையை மீறும் சங்கடத்தை வாசகர்கள் அவருக்குக் கடைசிவரை தரவில்லை. புத்தகங்களைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாக அலைந்து விற்றார். பல்கலைக்கழகம் பின்னால் நின்றால் கவலையில்லை என்று நினைக்காதீர்கள். 1940இல் பிரிஸ்பேனில் தொடங்கி மெல்போர்னுக்குக் குடிபெயர்ந்த ‘மியான்ஜின்’ இதழை, பணக் காரணம் சொல்லி நிறுத்துவதாக 2025இல் அறிவித்தது மெல்போர்ன் பல்கலைக்கழகப் பதிப்பகம்தான். ஆகவே வீட்டு நகையை நம்புங்கள். வீட்டில் சொல்லிவிட்டு நம்புங்கள்.

6. இதழ் அச்சாகி வந்ததும் அன்றைக்கே அனுப்பிவிடுங்கள். வைப்பின் உப்புக்காற்றில் ஸ்டேப்ளர் பின் துருப்பிடிக்கும். நடுப்பக்கக் கவிதையின் மேல் பழுப்புக் கறை இறங்கும். கவிஞர் அதை விமர்சனமாக எடுத்துக்கொள்வார். பதிவு அஞ்சலும் 2025 செப்டம்பர் முதல் விரைவு அஞ்சலோடு சேர்ந்துவிட்டது. தபால்தலைச் செலவைப் பார்த்தால், வாட்டர் மெட்ரோ படகில் ஏறிப் போய் எர்ணாகுளத்து வாசகர் கையிலேயே கொடுத்துவிட்டு வரலாம் என்று தோன்றும். “அண்ணே, இந்தத் தடவை இதழ் வரலையே” என்று முதலில் போன் செய்பவர் சந்தா கட்டாதவராகத்தான் இருப்பார். அவருக்கு இரண்டு பிரதி அனுப்புங்கள். அவர்தான் உண்மையான வாசகர்.

7. மூடும்போது ‘இதழ் நிற்கிறது’ என்று ஒருபோதும் எழுதாதீர்கள். ‘அடுத்த இதழ் சிறப்பிதழ்’ என்று போட்டுவிட்டு அமைதியாகிவிடுங்கள். ஆய்வு மாணவர்கள் அந்தச் சிறப்பிதழைத் தேடிக்கொண்டே இருப்பார்கள்.

இத்தனையும் சொன்னபின் ஒன்று. ‘எழுத்து’ 1970இல் நின்றது. அது வளர்த்த புதுக்கவிதை நிற்கவில்லை. நின்றுபோனதால் ஒரு இதழ் தோற்றுவிட்டதாக அர்த்தமில்லை. ஆனாலும் நிற்பதற்கு முன்பே வாங்கிப் படிப்பதில் தப்பில்லை. மேலே சொன்ன எதற்கும் துணிவில்லாதவர்கள், இப்போது வந்துகொண்டிருக்கும் ஏதாவது ஒரு சிற்றிதழுக்கு இந்த மாதமே சந்தா கட்டுங்கள். மூடும் வித்தையைக் கற்காமலே அந்த ஆசிரியர் இன்னும் கொஞ்சக் காலம் தள்ளிவிடுவார்.