துண்டு முதல் டோக்கன் வரை: கடவுச்சொல் நினைவாற்றல் பற்றிய ஓர் ஊவா ஆய்வு

1921 வரை இலங்கையின் ஊவாவில் தேயிலைத் தோட்டத் தொழிலாளி நினைத்தபடி வேறு தோட்டத்துக்குப் போய்விட முடியாது. பழைய தோட்டத்துத் துரை எழுதிய துண்டு வேண்டும். அதில் கண்ட கடனைப் புதுத் தோட்டம் தீர்த்தால்தான் செக்ரோல் என்னும் தோட்டப் பதிவேட்டில் பெயர் ஏறும். அந்த ஆண்டு வந்த சட்டம் துண்டு முறையை ஒழித்தது. சரியாக நூறு ஆண்டு கழித்து, 2021 ஆகஸ்ட் 13 அன்று, நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் கருவியின் வேலைகளுக்குக் கடவுச்சொல்லை ஏற்பதை நிறுத்திய கிட்ஹப் தளம், அதற்குப் பதிலாக டோக்கன் கேட்கத் தொடங்கியது. இவ்விரண்டுக்கும் தொடர்பு உண்டென நிறுவத் துணியும் ஆய்வு இது. துறையில் போட்டி அதிகமில்லை.

களம் ஊவாவின் பதுளை. காரணம் வலுவானது: லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை எழுதியதும், இங்கே ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் தொடங்கியதும் ஒரே ஆண்டில், 2005இல். தற்செயல் என்பவர்கள் எல்லா ஆய்வையும் அப்படித்தான் சொல்வார்கள்.

கிட்டுக்கு மூத்த கருவியான சிவிஎஸ், கடவுச்சொல்லை எழுத்து மாற்றி ஒரு கோப்பில் வைத்தது. அது பூட்டு அல்ல. நிர்வாகியின் கண்ணில் தவறுதலாகப் பட்டுவிடக் கூடாது என்பதற்கான மறைப்பு மட்டுமே என்று அதன் கையேடே ஒப்புக்கொள்கிறது. இவ்வளவு நேர்மையான திரைச்சீலையைக் கணினி உலகம் பிறகு கண்டதில்லை. அடுத்து வந்த சப்வெர்ஷன் நெடுங்காலம் லினக்ஸில் அப்பட்டமாகவே எழுதிவைத்தது. 2009இல்தான் ‘இப்படியே வைக்கட்டுமா?’ என்று கேட்கும் பணிவு அதற்கு வந்தது.

கடவுச்சொல்லை நினைவில் வைப்பதில் கிட்டுக்கு இரு சுபாவம். ‘கேஷ்’ என்ற உதவியாளை வைத்தால் 900 விநாடியில் மறந்துவிடும். தேத்தண்ணி குடித்துக் கொஞ்சம் கதை பேசிவிட்டு வந்தால் மறுபடி கேட்கும். ‘ஸ்டோர்’ ஒருபோதும் மறக்காது. ஒரே வரியில் பெயர், கடவுச்சொல், முகவரி எல்லாம் பச்சையாக எழுதிவைத்திருக்கும். எரிச்சல்படுகிறவர்கள் இரண்டாவதைத் தேர்கிறார்கள். அதாவது, எல்லோரும்.

டோக்கன் இதைத் தீர்த்ததா? உருவாக்கும்போது அதை ஒரே ஒரு தடவைதான் காட்டுவார்கள். ஆகவே மாணவர் அதை நோட்டுக் கோப்பில் ஒட்டுகிறார். அந்தக் கோப்பு நிரலோடு சேர்ந்து களஞ்சியத்துக்குள் போகிறது. மறுநாள் அழித்தாலும் பழைய பதிவுகளில் அப்படியே இருக்கும், ஏனென்றால் எதையும் மறக்காமல் இருப்பதுதான் கிட்டின் தொழில். அந்த டோக்கனை ரத்துச் செய்வது ஒன்றே வழி. ஓராண்டு தொடாமல் கிடந்த டோக்கனை கிட்ஹப்பே நீக்கிவிடுகிறது. துரையின் துண்டில் அப்படியொரு இரக்கம் கிடையாது. ஒப்புமை இங்கே நொண்டுகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்: டோக்கன் ஆளை உள்ளே விடுகிறது, துண்டு வெளியே விடாமல் பிடித்துவைத்தது.

குறையில்லாத டோக்கனுக்கு முன்மாதிரி 1924இல் பதுளையை எட்டிய ரயில் பாதையில் உண்டு. மலைநாட்டு ஒற்றைப்பாதையில் டேப்லட் என்னும் உலோகத் தகடு கையில் இல்லாமல் ஓட்டுநர் அடுத்த பகுதிக்குள் நுழையக் கூடாது. ஒரு தகடு ஒரு பகுதிக்கு மட்டும். அதை அடுத்த ஸ்டேசன் பொறியில் போடும் வரை இன்னொன்று வெளியே வராது. படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் பொறி அசையாது.