மொசக்குட்டி சாஸ்திரம்: காவிரிப் படுகையில் வீட்டு முயலின் நலமும் நொறுக்குத்தீனி விசாரமும்

வீட்டு முயல், காவிரிப் படுகையில் ஏட்டில் முயல் என்றும், பேச்சில் மொசல் என்றும், வாங்கி வந்த முதல் வாரத்தில் மட்டும் மொசக்குட்டி என்றும் வழங்கும் பிராணி. கூண்டில் வைத்து விற்கப்படும் வெள்ளை ஜெயன்ட், சோவியத் சின்சில்லா, நியூசிலாந்து வெள்ளை எல்லாமே ஐரோப்பியக் குழிமுயலின் வழிவந்தவை. சம்பா அறுவடையில் அறுப்பு மிஷினுக்கு முன்னால் துள்ளி ஓடுவது கருங்கழுத்து முயல். அதன் இனமே வேறு. குழிமுயலின் குட்டி கண் திறக்காமல், மயிர் முளைக்காமல், உரித்த விரல் போலப் பிறக்கும். வயல் முயலின் குட்டியோ மயிரும் திறந்த கண்ணுமாக, ஊர் சுற்றக் கிளம்பிய கோலத்தில் பிறக்கும். இந்த வேறுபாடு சட்டத்திலும் உண்டு. வயல் முயல் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருவது. வரப்போரம் தனியாகக் கிடக்கும் குட்டியைத் "தாயில்லாப் பிள்ளை" என்று தூக்கிவருபவர், சட்டத்தை மீறுவதோடு ஒரு தாயையும் ஏமாற்றுகிறார். பகலெல்லாம் குட்டியை விட்டுத் தள்ளியிருந்து இருட்டும் நேரத்தில் வந்து பால் கொடுப்பதுதான் அந்தத் தாயின் வழக்கம்.

முன்னோர் நூல்களைப் பொறுத்தவரை தஞ்சாவூர் ஏமாற்றம் தருகிறது. சரசுவதி மகால் நூலகம் யானைக்குக் கஜசாஸ்திரத்தையும் குதிரைக்கு அசுவசாஸ்திரத்தையும் அச்சிட்டு வெளியிட்டிருக்கிறது. அரண்மனை வாசலில் நிற்கும் தகுதி பெற்ற பிராணிக்கே சாஸ்திரம் என்பது அந்தக் காலத்து நியாயம் போலும். முயலுக்குத் தர்க்க நூல்களில் இடம் கிடைத்தது. அதுவும் முயற்கொம்பு என்று, உலகில் இல்லாத பொருளுக்கு உதாரணமாக. கொம்பைத் தேடிய தர்க்கவாதிகள் வாயைத் திறந்து பார்க்கவில்லை என்பதே இங்கே வைக்கப்படும் குற்றச்சாட்டு. முயலின் 28 பற்களும் சாகும்வரை வளர்வன. மேல் முன்பல் வாரத்துக்கு 2 மில்லிமீட்டர் போல வளரும். தேய வழியில்லாமல் விட்டால் ஆண்டுக்கு 10 சென்டிமீட்டர். அதைக் கொம்பு என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? அந்த முன்பற்களுக்குப் பின்னால் இன்னொரு சோடிச் சிறுபல் ஒளிந்திருக்கும். எலிக்கு அது கிடையாது. வீட்டு முயலைப் "பெரிய எலி" என்று வர்ணிக்கும் உறவினருக்கு இந்தச் சோடிப் பல்லே பதில்.

பல் தேய்வது புல்லை அரைப்பதால். சோறும் பிஸ்கட்டும் நாக்கோடு போய்விடும். பல்லுக்கு அவற்றால் வேலையில்லை. மோவாய் எப்போதும் ஈரமாக இருப்பதும், தீனியை வாயில் எடுத்துக் கீழே போடுவதும் பல் கோணியதன் அடையாளங்கள்.

அடுத்து வருவது புழுக்கையியல். முயலின் உடல்நலத்தை அதன் முகத்தில் தேடுவது வீண். முயல் வேட்டையாடப்படும் சாதி. நோயை வெளியே காட்டினால் பருந்துக்கும் கீரிக்கும் சேதி போய்விடும் என்று மறைத்தே வாழ்ந்த பரம்பரை. புழுக்கைக்கு மட்டும் மறைக்கத் தெரியாது. நல்ல புழுக்கை உருண்டையாக, உலர்ந்து, கறுப்புக் கொண்டைக்கடலை அளவில் இருக்கும்; நசுக்கினால் புல்தூளாக உதிரும். மிளகளவுக்குச் சிறுத்தால் தீனி குறைந்திருக்கிறது. ஒன்றோடொன்று மயிரில் கோத்த மாலையாக வந்தால், உதிரும் மயிரை நக்கி விழுங்குகிறது. சீப்பு எடுக்க வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் தீனியும் தொடாமல் புழுக்கையும் போடாமல் ஒடுங்கிக் கிடந்தால் குடல் நின்றுவிட்டது என்று பொருள். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. முயலுக்கு வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது முன்னோக்கிப் போயே ஆக வேண்டும்.

இரண்டாம் வகைப் புழுக்கை ஒன்று உண்டு. மெத்தென்று, பளபளப்பாக, சின்னத் திராட்சைக் கொத்துப் போல வருவது. முயல் குனிந்து அதை வந்த இடத்திலேயே வாங்கித் தின்றுவிடும். முதன்முதலாகக் கண்ட வீட்டார் முகம் சுளித்து முயலை அதட்டுவார்கள். அதட்டுவது தவறு. பெருங்குடல் பையில் நுண்ணுயிர்கள் சமைத்து வைத்த புரதமும் வைட்டமினும் அந்தக் கொத்தில்தான் இருக்கின்றன. மாடு தின்றதை மறுபடி வாய்க்குக் கொண்டுவந்தால் அசைபோடுகிறது என்று திண்ணையில் உட்கார்ந்து ரசிக்கும் ஊர், அதே காரியத்தை முயல் சற்றுச் சுற்றுவழியில் செய்யும்போது மட்டும் அசிங்கம் என்பது நடுநிலையன்று. அந்தக் கொத்து தின்னப்படாமல் தரையில் ஒட்டிக் கிடந்தால்தான் கவலைப்பட வேண்டும். தீனியில் மாவும் இனிப்பும் கூடிவிட்டதற்கு அது சாட்சி.

தீனியைப் பற்றிய பகுதியில்தான் இந்தச் சீமையின் முரண்பாடு வெளிப்படுகிறது. தஞ்சாவூர் நெற்களஞ்சியம், முயல் வளர்க்க இதைவிடத் தோதான இடம் இருக்காது என்று தோன்றும். ஆனால் சீமையின் முதல் விளைச்சலான அரிசி முயலுக்கு ஆகாது. மாவுச்சத்து குடல் பையில் புளித்து வயிற்றை மத்தளமாக்கும். இரண்டாம் விளைச்சலான வைக்கோல் போர்போராக நின்றாலும் சாப்பாட்டுக் கணக்கில் சேராது. அதில் புரதம் 4 சதவீதத்தைச் சுற்றித்தான், சிலிக்கா மிகுதி. மழையில் நனையாத வைக்கோல் படுக்கைக்கும் பொழுதுபோக்காகக் கடிக்கவும் உதவும்; பூஞ்சணம் பூத்தது அதற்கும் உதவாது. முயல் கேட்பது மூன்றாவதாக ஒன்றை: களைக்கொட்டால் கொத்தி வரப்புமேல் எறியப்படும் அருகம்புல்லை. அதன் தீனியில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாமல் புல் இருக்க வேண்டும். இந்தச் சீமை பாடுபட்டு விளைவிப்பதெல்லாம் முயலுக்கு நொறுக்குத்தீனி. பாடுபட்டுப் பிடுங்கி எறிவதுதான் சாப்பாடு.

அந்தப் புல்லிலும் பார்த்து எடுக்க வேண்டும். குறுவை நட்டுக் களைக்கொல்லி அடித்த வயல், பூச்சிமருந்து அடித்த உளுந்துக் கொல்லை, இவற்றின் ஓரப் புல் ஆகாது. அறுக்குமுன் வயல்காரரிடம் "அண்ணே, மருந்து கிருந்து அடிச்சிருக்கா?" என்று கேட்டுவிடுவதே இத்துறையின் தலையாய ஆய்வுமுறை. ஐப்பசி, கார்த்திகையில் நீர் சொட்டும் புல்லை அப்படியே போடாமல் ஓர் இரவு பரப்பி வாடவிட வேண்டும். பட்டணவாசிகள் கோயில் வாசலில் அருகம்புல் கட்டு வாங்கிக்கொள்ளலாம். பிள்ளையாருக்குச் சாத்தி இறக்கிய மாலையானால் நாரை உருவிவிட்டு, குங்குமத்தை அலசிவிட்டுக் கொடுக்க வேண்டும். மாட்டுக்காகக் கோ-4 தீவனப்புல் போட்டிருக்கும் வீடுகளில் முயலின் பங்கு மாட்டுக்குத் தெரியவே தெரியாது.

முயல் மசால் என்றொரு தீவனப் பயிர் இருக்கிறது. பெயரைப் பார்த்து அதையே மூன்று வேளையும் போடுபவர் உண்டு. அதுவும் வேலிமசாலும் குதிரைமசாலும் பயறு வகை. அகத்தியும் முருங்கையும் போலச் சுண்ணாம்புச்சத்து மிகுந்தவை. குட்டிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் அவை நல்லவை. வளர்ந்த முயலுக்கு வாரத்தில் ஓரிரு நாள் ஒரு கொத்துப் போதும். மற்றப் பிராணிகள் வேண்டிய அளவுக்கே சுண்ணாம்பை உடம்பில் ஏற்கும். முயல் வந்ததையெல்லாம் ஏற்றுக்கொண்டு மிச்சத்தை மூத்திரத்தில் தள்ளும். தரையில் கோலமாவு கரைத்து ஊற்றியது போலத் திட்டுத் திட்டாகக் காய்ந்திருந்தால் கீரையைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்ட வேண்டும். முயல் தன் எடையில் கிலோவுக்கு, நாளொன்றுக்கு 50 முதல் 150 மில்லி வரை குடிக்கும். கனமான மண்சட்டியில் வைத்தால் கவிழ்க்காது.

நொறுக்குத்தீனியின் ஆபத்து பண்டத்தில் பாதி, கொடுப்பவரிடம் பாதி. கொடுப்பவர்களில் முதன்மையானவர் பாட்டி. வாயுள்ள எதற்கும் ஒரு வாய் கொடுக்காமல் தாம் உண்ணலாகாது என்பது அவர் கொள்கை. "வாயில்லாச் சீவன்டா தம்பி, ஒரு வாய்தானே" என்று அவர் நீட்டும் தயிர்சாத உருண்டையை மறுக்கும் துணிவு பேரனுக்கும் இல்லை, முயலுக்கும் இல்லை. அடுத்தவர் விருந்தாளி. திருவையாற்றிலிருந்து வருகையில் அசோகா வாங்கி வந்து, வாழையிலைத் துண்டில் கொஞ்சம் முயலுக்கும் வைப்பார். பாசிப்பருப்பு, சர்க்கரை, நெய் என்று முயலின் குடலுக்கு ஆகாத எல்லாம் ஒரே கரண்டியில் கூடியிருக்கும் பண்டம் அது. மூன்றாமவர் கேலிச்சித்திரம் பார்த்து வளர்ந்த சிறுவர். கேரட்தான் முயலின் ஆகாரம் என்பது அவர்கள் சித்தாந்தம். கேரட் இனிப்புக் கிழங்கு. கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு வில்லை போதும். அதன் தழை நல்ல தீனி. ஊட்டியிலிருந்து வரும் கேரட் தழை நீங்கி வருவதால், முள்ளங்கித் தழையையும் கொத்தமல்லியையும் சந்தையில் கேட்டு வாங்குவது வழி. கொசுறாகவே கிடைப்பதால் இதுவே மலிவு.

பூவன்பழம் என்றால் முயல் உயிரை விடும். அளவில்லாமல் கொடுத்தால் சொல்லுக்குச் சொல் உண்மையாகிவிடும். இரண்டு கிலோ முயலுக்குப் பழம் எதுவானாலும் நாளுக்கு ஒரு தேக்கரண்டி. பப்பாளியும் கொட்டை நீக்கிய ஆப்பிளும் இந்தக் கணக்கில்தான். முட்டைக்கோஸ் வயிற்றில் காற்றடைக்கும். வெங்காயம், பூண்டு, சாக்லேட், அவகாடோ, உருளைக்கிழங்குத் தழை ஆகியவை விலக்கு. வேலியோரத்து அரளி, ஊமத்தை, எருக்கு, ஆமணக்கு பக்கம் அவிழ்த்துவிடவே கூடாது. கொடுத்தே தீர வேண்டும் என்ற உந்துதல் தணியாத பாட்டிக்கு ஒரு சமரச ஏற்பாடு உண்டு: சம்படத்தில் நறுக்கிய புதினாவும் துளசியும் போட்டு அவர் பக்கத்தில் வைத்துவிடுவது. பாட்டிக்குக் கொடுத்த திருப்தி, முயலுக்குத் தின்ற திருப்தி, புழுக்கையில் மாற்றமில்லை.

வெயிலே இந்தச் சீமை முயலின் பெரிய எதிரி. முயலுக்கு வியர்க்காது, சூட்டைக் காது வழியாகத்தான் இறக்கும். 30 டிகிரியைத் தாண்டினாலே திணறும் பிராணியைக் கத்திரி வெயிலில் ஓட்டுவீட்டு மாடியில் வைப்பது வளர்ப்பாகாது. கூண்டைத் தாழ்வாரத்துத் தரைக்கு இறக்கி, மேலே ஈரச் சாக்குப் போட்டு, உறையவைத்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றி உள்ளே வைத்தால், முயல் அதன்மேல் முதுகைச் சாய்த்துக் காலை நீட்டிவிடும். மழைக்காலத்தில் ஈரத் தரையால் ரத்தக்கழிச்சல் வரும். குட்டிகள்தான் முதலில் போகும். கம்பித் தரையில் பலகையோ சாக்கோ போடாவிட்டால் பாதம் புண்ணாகும். தீபாவளி வெடிக்கு வீட்டின் நடு அறையே இடம்.

முயலைக் காதைப் பிடித்துத் தூக்குவது படங்களில் மட்டும் நடக்க வேண்டியது. எலும்பு லேசானது, பின்னங்கால் வலுவானது. அந்தரத்தில் உதைத்தால் தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்ளும். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பது பிடிவாதத்தைக் குறித்த பழமொழி. பிடிக்கத் தெரியாதவர் பிடித்தால் அது மருத்துவக் குறிப்பு. ஒரு கை மார்புக்குக் கீழ், மறு கை புட்டத்துக்குக் கீழ் என்று அணைத்தே தூக்க வேண்டும்.

தலை ஒருபக்கம் சாய்ந்து முயல் சுழன்று விழுவதுண்டு. நடராசர் பாதத்தின்கீழ் கிடப்பவன் முயலகன், வலிப்புக்கும் தமிழில் முயலகன் என்றே பெயர் இருந்தது, இதுவும் அதுதான் என்று கூறும் சொல்லாராய்ச்சியாளர் எதிர்ப்படலாம். திருப்பாச்சிலாச்சிராமத்தில் சம்பந்தர் முயலகன் நோயைத் தீர்த்தது மழவன் மகளுக்கு. முயலுக்கு வருவது நடுக்காதுச் சீழோ, மூளையைத் தாக்கும் ஒரு நுண்கிருமியோ; இரண்டுக்கும் மருந்து உண்டு, தாமதத்துக்குத்தான் இல்லை.

மருந்துக்கடைக்காரரிடம் கேட்டு மாத்திரை வாங்கிப் புகட்டுவதும் கூடாது. மனிதருக்குத் தினமும் எழுதித் தரப்படும் அமாக்சிசிலினை வாய்வழியாகக் கொடுத்தால் குடலின் நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து முயல் இறந்துபோகும், கிளிண்டமைசினும் அப்படித்தான். நாய்க்கு உண்ணிக்காகப் பூசும் ஃபிப்ரோனில் முயலுக்கு நஞ்சு. ஒரத்தநாட்டில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. போகும்போது காற்றோட்டமான கூடையில், பழகிய புல்லோடு கொண்டுபோவது நலம். அன்றைய புழுக்கையையும் ஒரு டப்பாவில் எடுத்துப் போக வேண்டும். இந்த வட்டாரத்தில் அது அசோகா வந்த டப்பாவாகவே இருக்கும் என்பதால், மூடியின்மேல் இன்னதென்று எழுதி ஒட்டிவிடுவது நல்லது.