ஆறு மாத அமெரிக்கரின் கடைசிப் பத்து நாள்

அமெரிக்காவில் வேலை பார்க்கும் மகன் வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ வருகையாளர் விசாவில் போய்த் தங்கும் ஓய்வுபெற்ற தமிழ்ப் பெற்றோர், கத்திரி வெயிலுக்குப் பயந்து ஏப்ரல் கடைசியில் விமானம் ஏறுவார்கள். ஐப்பசி அடைமழைக்குள் மொட்டைமாடி ஒழுகலைப் பார்க்கவேண்டும் என்று அக்டோபரில் திரும்புவார்கள். இந்தியருக்கு இந்த விசா பொதுவாகப் பத்து வருஷத்துக்குக் கிடைக்கிறது. ஆனால் ஒரு தடவை போனால் தங்க விடுவது வழக்கமாக ஆறு மாதம்தான். கெடுத் தேதி ஐ-94 என்ற பதிவில் இருக்கும். மகனுக்குத் தன் கல்யாண நாள் மறந்தாலும் அப்பாவுக்கு அந்தத் தேதி மறக்காது. அதற்கு நாலு நாள் முன்னதாகவே டிக்கெட் போடச் சொல்லியிருப்பார். முப்பத்தைந்து வருஷம் வங்கியில் ஆடிட்டருக்குப் பயந்து கணக்கு முடித்தவர் அமெரிக்க அரசாங்கத்தோடு விளையாடமாட்டார்.

நவம்பர் என்று இன்னொரு கெடுவும் இருக்கிறது. பென்ஷன் வாங்குகிறவர்களில் பலர் அந்த மாதம் லைஃப் சர்டிஃபிகேட் கொடுக்கவேண்டும். 2014இலிருந்தே அதைக் கணினி வழியாகச் செய்யலாம். இப்போது கைபேசியில் முகத்தைக் காட்டினாலே போதும் என்று மகன் சொல்லிப் பார்ப்பான். பிராஞ்சுக்குப் போய், முன்பு தனக்குக் கீழே கிளார்க்காக இருந்தவர் எதிரே உட்கார்ந்து, காப்பி குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டால்தான் தாம் உயிரோடு இருப்பதாக இவருக்குத் திருப்தி.

இந்த ஆறு மாதத்துக்கு நாள்காட்டி, ஊரிலிருந்து கணக்காக வாங்கிவந்த ரத்த அழுத்த மாத்திரைதான். வந்த புதிதில் ஷூ டப்பா நிறைய அடுக்கியிருந்த அட்டைகள் தேய்ந்து ஒரே ஒரு அட்டையில் நிற்கும்போது கடைசிப் பத்து நாள் தொடங்குகிறது. அன்று முதல் ஆளே மாறுகிறார்.

அதுவரை இவர் பேச்சு 'நம்ம ஊர்ல' என்றுதான் ஆரம்பித்தது. நம்ம ஊர்ல தெருவில் இறங்கினால் நாலு முகம் பார்க்கலாம். நம்ம ஊர்ல கறிவேப்பிலை வாங்கக் கார் எடுக்கவேண்டாம். நம்ம ஊர்ல பல்வலி என்றால் அன்றைக்கே டாக்டர் பார்ப்பார். பாலில் ருசி இல்லை, தக்காளியில் புளிப்பு இல்லை, வீட்டில் மனுஷ சத்தம் இல்லை. நியூ ஜெர்சி எடிசனின் ஓக் ட்ரீ சாலையில் சுடச்சுடத் தோசை கிடைக்கிறதே என்றால், கிடைக்கும், ஆனால் விலை என்ன என்று திரும்பிக் கேட்பார். மாத்திரை கடைசி அட்டைக்கு வந்ததும் இந்த வாக்கியங்கள் ஓசைப்படாமல் திசை மாறுகின்றன. மச்சானுடன் போனில் பேசும்போது, "இங்கேயெல்லாம் எவனும் ஹாரன் அடிக்கமாட்டான் மாப்ளே" என்கிறார். "இங்கே ஆம்புலன்ஸ் வந்தா எல்லா வண்டியும் ஓரங்கட்டி நிக்கும்." அந்த 'இங்கே'யில் ஒரு சொத்துரிமை தொனிக்கிறது. ஊர் போய்ச் சேர்ந்ததும் அது 'அங்கேயெல்லாம்' ஆகிவிடும். இப்போது நடப்பது ஒத்திகை.

ரூபாய்க் கணக்கும் இதே போக்கில் போகிறது. ஐந்து டாலர் காப்பியை நானூறு ரூபாய்க்கு மேல் என்று கணக்குப் போட்டு வாயில் வைக்காமலே இருந்தவர், கடைசி வாரத்தில் பெருக்கலை நிறுத்திவிடுகிறார். பதிலுக்கு வகுத்தல் வருகிறது. வீட்டைச் சுத்தம் செய்து வைக்க ஆயிரம் ரூபாய் கேட்கிறார்களாம் என்று பக்கத்து வீட்டிலிருந்து செய்தி வந்தால், "பன்னெண்டு டாலர்கூட ஆகலியே, குடுங்க சார்" என்று உடனே சொல்கிறார். இதே மனிதர் ஏப்ரலில் விமான நிலைய ஆட்டோவுக்கு ஐம்பது ரூபாய் குறைக்க அரைமணி பேசினார் என்பதை இங்கே குறித்துக்கொள்வது நல்லது.

கடைசிப் பத்து நாளில் பெரும்பகுதி கடைகளில் கழிகிறது. ஆறு மாதமும் நயாகரா, சுதந்திர தேவி சிலை, 1977இல் கும்பாபிஷேகம் கண்ட ஃப்ளஷிங் பிள்ளையார் கோயில், அதன் கேன்டீன் தோசை என்று பார்க்கவேண்டியதெல்லாம் பார்த்தாகிவிட்டது. இனி உறவினர். யாருக்கு என்ன என்ற பட்டியல் ஒரு பழைய டைரியின் பின்பக்கத்தில் அம்மா கையெழுத்தில் இருக்கும். புறப்படும்போது வந்து வழியனுப்பியவர், அப்பளம் கொடுத்துவிட்டவர், சாவியை வைத்துக்கொண்டு செடிக்குத் தண்ணீர் விட்டவர், ஆறு மாதத்தில் ஒரு போன்கூடப் பண்ணாதவர் என்று அதில் வகுப்புகள் உண்டு. சாவிக்காரருக்கு வாசனை லோஷன். போன் பண்ணாதவருக்குச் சாக்லேட் மட்டும்; அதுவும் பையாக இல்லை, கைப்பிடியாக.

காஸ்ட்கோவில் மூன்று பவுண்டு பாதாம் பை வாங்காமல் திரும்பிய பெற்றோர் இருப்பதாகத் தெரியவில்லை. உலகத்துப் பாதாமில் ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்கு கலிபோர்னியாவில் விளைகிறது. அதை வெளிநாடுகளில் அதிகமாக வாங்குவது இந்தியாதான். சென்னையில் எந்த நாட்டு மருந்துக் கடையிலும் கலிபோர்னியா பாதாம் என்று அட்டை எழுதித் தொங்கவிட்டே விற்கிறார்கள். ஆனாலும் பெட்டியில் வந்த பாதாமுக்குத் தனி மரியாதை. மச்சினருக்கு எடுக்கும் பனியன் சட்டைக் கழுத்துப் பட்டையில் 'இந்தியாவில் செய்தது' என்றிருந்தால் அம்மா அதைக் கீழே வைத்துவிட்டு வியட்நாம் சட்டையாகப் பார்த்து எடுப்பார். மச்சினர் இருப்பது திருப்பூரில்.

மின்சாரச் சாமான்கள் மீது அப்பாவுக்கு ஒரு கண் உண்டு. தள்ளுபடியில் கிடக்கும் காப்பி மெஷினைச் சுற்றிச் சுற்றி வருவார். அமெரிக்காவில் 120 வோல்ட், இந்தியாவில் 230. நேராகச் சொருகினால் முதல் காப்பியிலேயே புகை வரும். அமெரிக்கா போகும் பெண்களுக்கென்று 110 வோல்ட் மிக்ஸியைச் சென்னையில் தனியாகவே செய்து விற்பது இதனால்தான். ஆறு மாதம் முன்னால் அப்படி ஒன்றைத் தாமே மடியில் வைத்துக்கொண்டு வந்தது நினைவுக்கு வந்து அப்பா மெஷினை விட்டு நகர்கிறார்.

பட்டியலின் கடைசிப் பகுதியை டாலர் ட்ரீ பார்த்துக்கொள்கிறது. எல்லாம் ஒரு டாலர் என்றிருந்த அந்தக் கடை 2021 இறுதியில் ஒன்றேகால் டாலராக்கியது. இரண்டாவது தடவை வந்தவர்கள் அதைப் பற்றி உள்ளூர்க்காரரைப் போலவே அங்கலாய்ப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் விலைச் சீட்டுகளைக் கிழிக்கும் படலம். சுங்கத்தில் கேட்பார்கள் என்று காரணம் சொல்லப்படும். 2016ஆம் ஆண்டின் பயணப்பொதி விதிகளே 50,000 ரூபாய்ச் சாமானுக்கு வரி வேண்டாம் என்றன. இவர்கள் வாங்கியதில் பாதிக்குமேல் சாக்லேட். சீட்டு கிழிக்கப்படுவது சுங்க அதிகாரி கண்ணில் படக்கூடாது என்பதற்காக இல்லை, நாத்தனார் கண்ணில் படக்கூடாது என்பதற்காக. ஒட்டிக்கொண்டு வராத சீட்டைத் தேங்காய் எண்ணெய் தடவி ஊறவைத்து நகத்தால் சுரண்டுவார்கள். பில்கள் மட்டும் பத்திரமாக இருக்கும், ஏனென்றால் இந்த நாட்டில் எதையும் திருப்பிக் கொடுக்கலாம். கடைசி இரண்டு நாளில் வாங்குவதைவிடத் திருப்புவது அதிகம்.

பிறகு எடை. தலைக்கு இரண்டு பெட்டி, ஒவ்வொன்றும் இருபத்துமூன்று கிலோ என்பது இந்த வழியில் பெரும்பாலான விமானங்களின் விதி. சில இடங்களில் ஐம்பது பவுண்டு என்று எழுதியிருப்பார்கள். ஐம்பது பவுண்டு என்பது 22.68 கிலோதான். மீதி முந்நூற்றிருபது கிராம் யாருடையது என்பதில் அப்பா இரண்டு நாள் இணையத்தில் ஆராய்ச்சி செய்வார். அதில் ஒரு பை சாக்லேட் அடங்கும். பெட்டியைத் தூக்கிப் பிடிக்கும் கொக்கித் தராசு ஒன்றை மகன் வாங்கிக் கொடுத்திருப்பான். அதை அப்பா நம்புவதில்லை. குளியலறைத் தராசில் முதலில் தாம் தனியாக ஏறி நின்று, பிறகு பெட்டியைக் கட்டிக்கொண்டு ஏறி நின்று கழிப்பார். கட்டிக்கொண்ட பெட்டி எண்ணை மறைக்கும் என்பதால் பேரன் தரையில் படுத்துப் படிக்கவேண்டும். அவன் பவுண்டில் படிக்க, தாத்தா கிலோவில் எழுத, பாட்டி அதற்குள் இன்னொரு டப்பாவைச் செருகியிருப்பார். இரண்டு தராசுக்கும் நானூறு கிராம் வித்தியாசம் வந்தால் சராசரி எடுப்பது வழக்கம். நாலு பெட்டியும் இப்படி ஏழெட்டு முறை திறந்து மூடப்படும். வரும்போது வடகமும் ஊறுகாயும் இருந்த பெட்டிகள் என்பதால், புதுத் துணி எல்லாவற்றிலும் மெல்லிய பெருங்காய வாசனை ஏறிக்கொள்ளும்.

அம்மாவின் இலாகா ஃப்ரீசர். தாம் போனபிறகு இந்த வீட்டில் சாப்பாடு நின்றுவிடும் என்பது அவர் கணிப்பு. கடைசி வாரம் முழுவதும் அடுப்பு அணையாது. எண்ணெய்ப் புகைக்கு அலாரம் இரண்டு தடவை அலறும். மகன் ஓடிவந்து துண்டால் விசிறுவான். புளிக்காய்ச்சல், வத்தக்குழம்பு, தக்காளித் தொக்கு, துருவிய தேங்காய், அரைத்துவிட்ட சாம்பாருக்கான விழுது எல்லாம் பைகளிலும் டப்பாக்களிலும் ஏறி, மேலே ஒட்டிய காகிதத்தில் பெயரும் தேதியும் பெறும். "மேல் தட்டு இந்த மாசத்துக்கு, கீழ்த் தட்டு பொங்கல் வரைக்கும். புளிக்காய்ச்சலை ஈரக் கரண்டியால தொடாதே" என்று மருமகளிடம் ஒப்படைப்பு நடக்கும். "சரி அத்தை" என்பாள் மருமகள். அதில் நன்றியும் உண்டு, இன்னும் நாலு நாள் என்ற கணக்கும் உண்டு. அத்தைக்கு இரண்டுமே கேட்கும். அடுத்த முறை வரும்போது கீழ்த் தட்டின் மூலையில் தம் கையெழுத்தோடு ஒரு டப்பா பனிபூத்து உட்கார்ந்திருப்பதை அம்மா பார்ப்பார், எதுவும் சொல்லாமல் முன்பக்கம் எடுத்துவைப்பார்.

திரும்பிப் போகும் பெட்டியில் அம்மாவின் சொந்தப் பங்கு காலித் தயிர் டப்பாக்கள். ஆறு மாதத்துத் தயிர் தின்ற வீடு. ஒன்றைக்கூடத் தூக்கிப்போட விடவில்லை. கழுவி, காயவைத்து, மூடி வேறு டப்பா வேறாகச் செருகி அடுக்கியிருக்கிறார். "இதெல்லாம் எதுக்கும்மா, அங்கே கிடைக்காததா?" என்று மகன் கேட்பான். இவ்வளவு கெட்டியான டப்பா அங்கே கிடைக்காது என்பது உண்மையோ என்னவோ, அவர் முகத்தைப் பார்த்தால் மறுக்கத் தோன்றாது. இடம் வீணாகக்கூடாது என்று ஒவ்வொன்றுக்குள்ளும் சாக்லேட் நிரப்பியாகிறது.

குடியிருப்புப் பூங்காவில் தினம் நடக்கும் பெரியவர் கூட்டத்திடம் விடைபெறுவது அப்பாவுக்குச் சற்றுச் சிரமமான காரியம். குண்டூர்க்காரர், அகமதாபாத்காரர், கும்பகோணத்துக்காரர் எல்லோரும் மகனின் பழைய பனிக்கோட்டும் புது வெள்ளைக் கேன்வாஸ் ஷூவும் போட்டு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு நாட்டு அரசாங்கங்களையும் ஆறு மாதம் நடத்தியவர்கள். ஒருவரை ஒருவர் 'சார்' என்றே அழைத்ததால் கடைசி நாளில்தான் பெயர் கேட்டு வாட்ஸ்அப்பில் ஏற்றிக்கொள்கிறார்கள். பயணக் காப்பீட்டைப் பற்றிய பேச்சும் அன்றைக்கு வரும். இவ்வளவு பிரீமியம் கட்டியும் ஒரு ஜலதோஷத்துக்குக்கூட அதைத் தொடவில்லையே என்ற குறை எல்லோருக்கும் பொது.

கைக்கடிகாரம் ஆறு மாதமும் இந்திய நேரத்தில்தான் ஓடியது. கோடையில் நியூ ஜெர்சி ஒன்பதரை மணி நேரம் பின்னால் இருக்கும். இங்கே மத்தியானச் சாப்பாட்டின்போது, "இந்நேரம் அங்கே ராத்திரி பத்தரை, கேட்டைப் பூட்டியிருப்பாங்க" என்று அதைப் பார்த்துச் சொல்வார். புறப்படுவதற்கு முதல் நாள் அதைக் கழற்றி அமெரிக்க நேரத்துக்குத் திருப்பி வைக்கிறார். ஊரில் நாலு பேர் எதிரே இருக்கும்போது மணி பார்த்து, பேரன் இப்போது பள்ளிக்குக் கிளம்புவான் என்று சொல்வதற்கு அது வேண்டும். நவம்பர் முதல் ஞாயிறன்று அமெரிக்காவில் கடிகாரங்களை ஒரு மணி பின்னுக்குத் தள்ளுவார்கள் என்பது அவருக்குத் தெரியாது. மகனுக்கு விடியற்காலை ஐந்து மணிக்குப் போன் வரத் தொடங்குவது அப்போதுதான்.

விமான நிலையத்துக்குப் புறப்படும் நாள் காலையிலும் அப்பா தம் மூன்று மைல் நடையை விடுவதில்லை. மாலையில் அதே கால்கள் சக்கர நாற்காலியில் ஏறுகின்றன. இதில் கேலி செய்ய ஒன்றும் இல்லை. நடக்க முடியாததற்காக யாரும் அதைக் கேட்பதில்லை; துபாயில் நடுராத்திரி விமானம் மாறும்போது, எந்தப் பக்கம் திரும்புவது என்று கேட்க ஒரு ஆள் வேண்டும். உதவிக்குக் கட்டணம் வாங்கக்கூடாது என்று 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக அமெரிக்காவில் விதியும் இருக்கிறது.

கவுன்டரில் முதல் பெட்டி 22.9, இரண்டாவது 23, மூன்றாவது 22.8. பின்னால் நிற்கும் மகனை அப்பா ஒரு பார்வை பார்ப்பார். குளியலறைத் தராசு ஜெயித்துவிட்டது. நாலாவது 24.6. அம்மா வேறு பக்கம் பார்ப்பார். நடுக்கூடத்தில் பெட்டி திறக்கப்பட்டு, சாக்லேட் நிரம்பிய தயிர் டப்பாக்கள் நாலு வெளியே வந்து, இரண்டு கைப்பைக்குள்ளும் இரண்டு மகன் கையிலும் போய்ச் சேரும். பேரன் தன் பங்கு கிடைத்ததென்று அங்கேயே பிரிக்கத் தொடங்குவான்.

பாதுகாப்புச் சோதனை தாண்டியதும் அப்பாவின் கடைசிக் கவலை ஆரம்பிக்கிறது. உள்ளே வரும்போது முத்திரை குத்தினார்களே, வெளியே போவதற்கு எங்கே குத்துவார்கள் என்று தேடுகிறார். அமெரிக்காவில் அப்படி ஒரு கவுன்டரே கிடையாது. போனவர்கள் கணக்கை விமான நிறுவனமே அரசாங்கத்துக்குத் தெரிவித்துவிடும். நாற்காலி தள்ளுகிற பையன் அதைச் சொல்லியும் அவர் ஏற்கவில்லை. ஆள் வந்ததற்குப் பதிவு இருந்து, போனதற்கு இல்லையென்றால் லெட்ஜர் எப்படி டேலி ஆகும்? வாசலில் நின்ற பணிப்பெண்ணிடமும் ஒரு தடவை கேட்டுப் பார்க்கிறார். கடைசியில் போர்டிங் பாஸின் கிழித்துக் கொடுத்த துண்டை விசா, ஐ-94 நகல், திருப்பாத சாமான்களின் பில்கள் எல்லாம் உள்ள கோப்பில் வைத்து, மேலே 'புறப்பட்டதற்கு அத்தாட்சி' என்று எழுதித் தேதி போடுகிறார். விசாவுக்கு இன்னும் எட்டு வருஷம் இருக்கிறது.